எந்த ஊரில் பத்து?

முந்நூறு வாங்கினேன்.
ஒன்றுக்கு இரண்டு பொலிவியானோ மிச்சம் என்ற பெருமையில்
அப்படியே மேசைமேல் கொட்டினேன்.
சுண்டுவிரல் நீளக் கறுப்புக் கூடுகள்,
ஒவ்வொன்றுக்கும் திருகு மூடி,
உள்ளே ஃபியூஸ் படுத்துக்கொள்ள ஒரு குழி.

செனோபியா சாம்பி நிமிரவில்லை.
"எத்தனை ஆம்பியர்?"
"பத்து. மூடியிலேயே போட்டிருக்கிறது."
"எந்த ஊரில் பத்து?"

எங்கள் பட்டறை எல் ஆல்தோவில்,
நாலாயிரம் மீட்டருக்கும் மேலே.
இங்கே தண்ணீர் அவசரப்பட்டுக் கொதிக்கும்,
கிழங்கு வேகாது.
காற்று மெலிந்தது;
சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுபோக
அதற்குத் தெம்பு போதாது.
கடலோரத் தொழிற்சாலையில் அச்சிட்ட பத்து
மலையேறி வருவதற்குள் மூச்சு வாங்கி
எட்டாகும்.
மூடிய பெட்டிக்குள் வைத்தால் இன்னும் இறங்கும்.
பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள்
சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.
ஒரு எண் அப்படி நிற்கும் என்று தெரியாது.

நாங்கள் செய்வது
குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கான வெப்பப் பெட்டி.
உள்ளே ஒன்றரைக் கிலோ மனிதர் ஒருவர் இருப்பார்.

கொட்டியதில் ஒன்றை எடுத்து மாட்டினாள்.
ஆறு ஆம்பியர் விட்டாள்.
வெப்பமானியின் ஒயரை மூடியில் ஒட்டிவிட்டு
வீட்டுக்குப் போய்விட்டாள்.
நான் போகவில்லை. வீம்பு.
நாற்பது. அறுபது. எழுபத்தெட்டு.
நள்ளிரவு தாண்டி ஒரு நாற்றம்,
சீப்பைத் தீயில் காட்டியதுபோல.

காலையில் கழற்றிப் பார்த்தோம்.
கண்ணாடிக்குள் கம்பி முழுசாக இருந்தது,
ஒன்றுமே நடக்காததுபோல.
மூடிதான் வாய் கோணிக் கிடந்தது.
உருக வேண்டியது உருகவில்லை,
உருகக் கூடாதது உருகிவிட்டது.
அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் ஒரு வாரம் பட்டியல்கள் புரட்டினோம்.
எத்தனை வாட் சூடு தாங்கும்?
பிடிக்கும் தகடு வெள்ளிப் பூச்சா, ஈயமா?
லாரி கற்சாலையில் குதித்துக் குதித்துப் போனபின்னும்
அதன் பிடி தளராதா?
மூடியைத் திறந்ததும் விரல் உள்ளே போகுமா,
போனால் எதைத் தொடும்?
உயிருள்ள ஒயர் குழியின் ஆழத்துக்குத்தான்
என்று சிவப்பு மையில் எழுதி
என் மேசையில் ஒட்டினாள்.
நான் ஒயர் தொடுகிறவனே இல்லை.
இருந்தாலும் ஒட்டினாள்.

கடைசியில் இரண்டு மிஞ்சின.
ஒன்று விரலால் திருகுவது,
ஒன்று ஸ்க்ரூடிரைவர் கேட்பது.
போகிற வருகிறவர் திறக்கக் கூடாது, இரண்டாவதுதான் என்றாள் செனோபியா.
இரவுப் பணி முடிந்து
நேராக வந்திருந்தார் நர்ஸ் பசிலியா தார்க்கி,
கண் இரண்டும் சிவந்து.
"இரண்டு மணிக்கு, குழந்தை ஆறிக்கொண்டிருக்கும்போது
ஸ்க்ரூடிரைவரை நான் எந்த அலமாரியில் தேட?"
யாரும் பேசவில்லை.
ஹீட்டர் மட்டும் டிக் டிக் என்றது.

அவரே சட்டைப் பையைத் துழாவினார்.
ஐம்பது சென்டாவோ நாணயம் ஒன்று.
மூடியின் பள்ளத்தில் வைத்து
கையுறையோடு,
கண்ணை மூடிக்கொண்டு,
கால் சுற்று.
திறந்தது.
"இது எப்போதும் இருக்கும்" என்றார்,
"சம்பள நாளுக்கு முந்தின நாள்கூட."

அதையே வாங்கினோம். விலையை இங்கே எழுதவில்லை.

என் முந்நூறில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது
பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.
விற்கலாம்தான்;
வாங்குகிறவன் எதில் மாட்டுவானோ என்ற கவலையில்
விற்க மனம் வரவில்லை.
ஒரு நாள் பார்த்தேன்,
டின்னின் மேல் அவள் கையெழுத்து:
"கடலோர உபயோகத்துக்கு மட்டும்."

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.